ஏழுமலை வீட்டு விபூதி

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வருகிற போன்கள் இரண்டே வகை. லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள் ஒரு வகை. "மேடம், இந்த ஸ்டெப்ல கலர் மாறிடுச்சு, இன்னா பண்ணலாம்" என்று கேட்கிற பழைய லேப் பிள்ளைகள் இன்னொரு வகை. போன மாதம் இந்த இரண்டிலும் சேராத ஒரு போன் வந்தது. பேசியவர் ஏழுமலை. நான் வேலை பார்த்த கம்பெனியில் உற்பத்திப் பிரிவு ஆபரேட்டராக இருந்தவர்.

"மேடம், நல்லா கீறீங்களா? பொண்ணுக்கு வேல கெடச்சிருக்கு மேடம். நம்ம கம்பெனிலயே. புது பில்டிங்ல."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பெண் எம்.எஸ்சி. படித்தபோது என் பழைய புத்தகங்களைத்தான் வாங்கிப் போனாள். வாழ்த்துச் சொல்லிவிட்டு போனை வைக்கப் போனேன்.

"இன்னொண்ணு கேக்கணும் மேடம். எங்க ஊட்ல இன்னா சொல்றான்னா, மொத நாள் அந்த விபூதிய நெத்தில வெச்சிதான் அனுப்புவேன்றா. வெக்கலாமா?"

"எந்த விபூதி?"

"அதான் மேடம். அது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னுமா வச்சிருக்கீங்க?"

"சாமி மாடத்துல பத்திரமா கீது மேடம்."

"ஏழுமலை, நான் சொல்றவரைக்கும் அந்தப் பொட்டலத்த யாரும் பிரிக்காதீங்க. பொண்ணு அது பக்கமே போக வேணாம். நான் வரேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மருமகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஸ்டெல்லா அத்தை, யாரோ வீட்டு விபூதியைப் பிரிக்காதே என்று போனில் கத்துகிறாளே என்று அவளுக்குக் குழப்பம். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். லேப் பிள்ளைகளும் பல நாளாகக் கேட்டிருக்கிறார்கள். ஆயுத பூஜையன்று நம் கம்பெனியில் மட்டும் ஏன் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தட்டு, ஒரு தட்டு ஏன் இன்னொரு வாசலைத் தாண்டுவதில்லை என்று. ஏதோ சாமி குற்றம் என்று ஒருவன், யூனியன் தகராறு என்று இன்னொருவன், ஆளுக்கொரு கதை கட்டியிருக்கிறார்கள். இரண்டும் இல்லை.

என் படிப்புக் கதையை நீட்டினால் தூங்கிவிடுவீர்கள். பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டார்கள். நான் சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்து, வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தேன். மருந்துக் கம்பெனி என்றால் மாத்திரை செய்கிற இடம் இல்லை. மாத்திரைக்குள் போகிற மருந்துத் தூளைச் செய்கிற இடம். சில வருடம் குடுவை கழுவினேன், சில வருடம் அடுத்தவர் சொன்னதைச் செய்தேன். பிறகு ஆராய்ச்சி லேப்பில் நிலைத்தேன். தினமும் பொன்னேரியில் ரயில் ஏறி, கவரப்பேட்டை தாண்டி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ. அவ்வளவுதான் என் பயணம்.

லேப் தலைவராக சுஜாதா மேடம் வந்தபோது நான் அங்கே பழம் தின்று கொட்டை போட்டவள். அவரோ என்னைவிட வயதில் சின்னவர். சூளூர்பேட்டைப் பக்கம் பிறந்து, பெரிய இடத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். முதல் மாதம் எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவரோடு கோபித்துக்கொண்டு இருக்க முடியாது. குரலை உயர்த்த மாட்டார். ஒரு குடுவையைக் கையில் எடுத்தால் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, நாம் பக்கத்தில் நிற்பதையே மறந்து, திருப்பித் திருப்பிப் பார்ப்பார். புதிதாக ஏதாவது தெரிந்தால் "இது என்ன" என்று கேட்க மாட்டார். "இது யாரு?" என்று கேட்பார், வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி.

இன்னொரு பழக்கம். யாராவது போய், "மேடம், டெம்பரேச்சர் அதிகமாயிடுச்சு போல, அதான் கெட்டுப்போச்சு" என்றால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "பாத்தத மட்டும் சொல்லு நைனா. நெனச்சத அப்புறமா கேக்கறேன்." பார்த்ததை மட்டும் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவரிடம் வேலை பார்த்த பிறகுதான் தெரிந்தது. நாம் பார்ப்பதில் பாதி நாமே நினைத்துக்கொண்டதுதான்.

அப்போது எங்கள் முக்கியச் சரக்கு ஒரு வலிப்பு மருந்து. அதைச் செய்வதில் கடைசிக் கட்டம் படிகமாக்குவது. தூளைச் சூடான எரிசாராயத்தில் முழுசாகக் கரைத்து, வடிகட்டி, ரியாக்டர் என்கிற மூடி போட்ட பெரிய பாத்திரத்தில் விட்டு, மெல்ல மெல்லக் குளிர வைக்க வேண்டும். ஒரு கட்டம் வரை கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். திடீரென்று ஒரு மூலையில் மினுக்கென்று ஒன்று தெரியும். அதைப் பார்த்துப் பக்கத்தில் ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று என்று கொஞ்ச நேரத்தில் ரியாக்டர் முழுக்க வெள்ளை மழை. எங்கள் மருந்து கல்லுப்பு மாதிரி கட்டி கட்டியாக விழும். கையில் எடுத்தால் நறநறவென்று இருக்கும். வருடக்கணக்கில் அப்படித்தான் விழுந்தது.

ஒரு நீண்ட விடுமுறை முடிந்து லேப்பைத் திறந்தபோது ஜன்னலோரம் மறந்து விட்டுப்போன ஒரு குடுவையில் ஏதோ மிதந்தது. சாராயத்தோடு வேறொரு கரைப்பானைக் கலந்து மேடம் முயற்சி செய்திருந்த குடுவை. அதில் கட்டி இல்லை. முடி மாதிரி மெல்லிய ஊசிகள், ஒன்றோடு ஒன்று பின்னி, இலவம் பஞ்சைத் தண்ணீரில் போட்டது போல.

மேடம் அதை வெளிச்சத்தில் பிடித்தார். "ஸ்டெல்லா, இது யாரு?"

அழுக்கு என்றுதான் நான் நினைத்தேன். சொல்லவில்லை. மெல்லிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் அடைத்துச் சூடாக்கிப் பார்த்தோம். பழைய கட்டி உருகுகிற சூட்டில் இது அசையவே இல்லை. இன்னும் சூடேற்றிய பிறகுதான் உருகியது. மற்ற சோதனைகள் எல்லாம் இது அதே மருந்துதான் என்றன. ஒரு அணுகூட வித்தியாசம் இல்லை. செங்கல் அதே செங்கல், அடுக்கின விதம்தான் வேறு. ஆனால் அந்த அடுக்கு படு இறுக்கம். தண்ணீரில் போட்டால் பழைய கட்டி சீக்கிரம் கரைந்தது, ஊசி அப்படியே கிடந்தது. இதை மாத்திரையாக்கினால் வயிற்றில் கரையாமல் வெளியே வந்துவிடும். வலிப்பு நிற்காது. மருந்தாக ஒரு பிரயோஜனமும் இல்லாத ஒன்று.

ஆனாலும் அழகு. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் ஊசி ஒவ்வொன்றும் நீலம், மஞ்சள் என்று மின்னியது. மேடம் அன்று மதியம் சாப்பிடவே இல்லை. உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு படிகம் கும்மிடிப்பூண்டியில் பிறந்திருக்கிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்து வந்தது ஆயுத பூஜை.

எங்கள் கம்பெனியில் முதலில் கட்டிய கட்டடம் லேப்தான். அதனால் பூஜைத் தட்டு லேப்பில் கிளம்பி, ஸ்டோர்ஸ், உற்பத்தி, பாய்லர் என்று சுற்றி கேன்டீனில் போய் முடியும். தட்டில் விபூதி, சந்தனம், குங்குமம், கற்பூரம். கூடவே அந்த வருடம் செய்த நல்ல சரக்கில் கொஞ்சம் எடுத்துச் சாமி முன்னால் வைப்பதும் வழக்கம். அந்த வருடம் மேடம் ஒரு சின்ன கண்ணாடித் தட்டில் ஊசிப் படிகத்தைக் கொஞ்சம் எடுத்து, விபூதிக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தார். "இந்த வருஷம் நமக்குப் பொறந்தது இதுதானே" என்றார். எல்லோரும் கை தட்டினோம்.

தட்டு கிளம்பியது. நான் வழக்கம்போலக் கூட்டத்துக்குப் பின்னால், பொரிப் பொட்டலமும் கையுமாக. நான் விபூதி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள். சுண்டலுக்கு மட்டும் முதல் ஆளாக நிற்பேன் என்று கேலி செய்வார்கள். அது உண்மையும்கூட.

விடுமுறை முடிந்து உற்பத்தியில் போட்ட முதல் பேட்ச் ஊசியாக விழுந்தது.

ஒரு ரியாக்டர் நிறைய ஊசி. குழாய் அடைத்துக்கொண்டது. வடிகட்டி திணறியது. அந்தச் சரக்கு வெளியே போகவில்லை, அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உற்பத்தி மேலாளர் பார்த்தசாரதி சாருக்கு உடனே ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஷிப்டில் ரியாக்டரைப் பார்த்துக்கொண்டவர் ஏழுமலை.

"லீவு முடிஞ்சி வந்தவன் தூங்கிகினு இருந்திருப்பான். லேட்டாயிடுச்சேன்னு குளிர்தண்ணி வால்வ ஒரேயடியா திறந்து வுட்டுட்டான். வேகமா குளுந்தா இப்படித்தான் வரும்" என்றார் அவர். வெப்பநிலையைப் பதிவு செய்கிற கருவியைப் பூஜைக்குத் துடைத்தபோது அதன் பேனாவைக் கழற்றி வைத்தவர்கள் திரும்ப மாட்டவில்லை. அதனால் ஏழுமலை சொல்வதற்குச் சாட்சி எதுவும் இல்லை.

ஏழுமலை அப்போது கான்ட்ராக்ட் தொழிலாளி. பல வருடம் கான்ட்ராக்டிலேயே காத்திருந்து, அந்த தீபாவளிக்கு நிரந்தரம் செய்கிறவர்களில் அவர் பெயரும் இருந்தது. இப்போது வேலைக்கு வர வேண்டாம், விசாரணை முடியட்டும் என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். நான் ஷேர் ஆட்டோவில் இறங்கும்போது அவர் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருப்பார். வேலை இல்லை என்று வீட்டில் சொல்லவில்லையாம். தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி வந்து அங்கேயே நிற்கிறார். மனைவி லட்சுமி அப்போது பிள்ளைத்தாச்சி.

"மேடம், நான் வால்வ தொடவே இல்ல மேடம். எப்பயும் போலதான் பண்ணேன். சொன்னா நம்ப மாட்டேன்றாங்க."

 லேப்புக்கு வந்ததும் அவர் சொன்னதை மேடத்திடம் அப்படியே சொன்னேன்.

மேடம் எதையும் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "வேகமா குளிர வெச்சா ஊசி வருமா? செஞ்சி பாக்கலாம்" என்றார். லேப்பில் சின்னக் குடுவையில் வேகமாகக் குளிர வைத்தோம். ஊசி. பார்த்தசாரதி சார், "நான் தான் சொன்னேனே" என்றார். மேடம், "இப்போ மெல்லமா" என்றார். மெல்லக் குளிர வைத்தோம். அதுவும் ஊசி. மிக மிக மெல்ல. ஊசி. வருடக்கணக்கில் செய்த அதே முறையில், அதே குடுவையில், கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலையைச் செய்தேன். ஊசி.

கட்டிப் படிகத்தை இனி எங்களால் செய்யவே முடியவில்லை. நேற்றுவரை வேறு எதுவும் வராது, இன்று அது மட்டும் வராது. வீட்டில் தினமும் வைக்கிற ரசம் ஒருநாள் திடீரென்று பாயசமாக வந்தால் எப்படி இருக்கும், அப்படி.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "ஊசி ஒண்ணு உள்ள விழுந்துட்டா போதும் ஸ்டெல்லா. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகூடப் போதும். மத்ததெல்லாம் அதப் பாத்து அதே மாதிரி அடுக்கிக்கும். நம்ம லேப்ல ஊசி இருக்கு, அதனால இங்க வருது. ரியாக்டருக்கு எப்படிப் போச்சு? அந்த பில்டிங்குக்கு நானும் போகல, நீங்களும் போகல."

"போனோமே மேடம். பூஜைக்கு."

"பாத்தத சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். எல்லோரும் சாமி கும்பிட்டபோது நான் பொரி கொறித்துக்கொண்டு கைகளைத்தான் வேடிக்கை பார்த்திருந்தேன். தட்டை முற்றத்தில் எடுத்துப் போனபோது காற்று அடித்தது. கற்பூரம் அணையாமல் இருக்கக் கையால் மறைத்தார்கள். கண்ணாடித் தட்டில் இருந்த ஊசிப் பஞ்சு கொஞ்சம் பறந்து விபூதிமேல் விழுந்தது. உற்பத்தியில் ஆளாளுக்கு விபூதியை எடுத்து நெற்றியில் இட்டார்கள். பிறகு அதே கையால் மிஷினுக்கு இட்டார்கள். ஏழுமலை ரியாக்டர் மூடியில் மூன்று விரலால் பட்டை போட்டார். திறந்து மூடுகிற விளிம்பில்.

இன்றைக்கு இதைச் சொன்னால் தரம் பார்க்க வருகிற ஆடிட்டர்கள் மயங்கி விழுவார்கள். அன்றைக்கு எல்லாக் கம்பெனியிலும் அதுதான் நடந்தது.

"அந்தக் கண்ணாடித் தட்ட வெச்சது நான்" என்றார் மேடம்.

"தெரிஞ்சா வச்சீங்க?"

"பாத்தது அதுதானே. நான் வெச்சேன்."

ஆனால் இதை எப்படி நிரூபிப்பது? எங்கள் லேப்பில் இனி எதைச் செய்தாலும் ஊசிதான். எங்கள் புடவையிலும் தலைமுடியிலும் அது இருக்கும். எங்கள் கம்பெனி ஆள் யாரும் கால் வைக்காத இடம் வேண்டும். தட்டில் இருந்த அந்த விபூதியும் வேண்டும். தட்டை எப்போதோ கழுவிவிட்டார்கள்.

டீக்கடைக்குப் போனேன். "ஏழுமலை, பூஜையன்னிக்கு விபூதி ஊட்டுக்கு எடுத்துகினு போனீங்களா?"

"ஆமா மேடம். பேப்பர்ல மடிச்சிகினு போனேன். எங்க ஊட்ல மாசமா கீறாளே."

"அதுல பாதி எனக்கு வேணும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். அவ்வளவு கஷ்டத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா மேடம், நீங்க போய் விபூதி கேக்குறீங்க?"

"வாழ்க்கையில மொதத் தடவ கேக்குறேன். இல்லன்னு சொல்லிடாதீங்க."

மறுநாள் பாதியைப் பிரித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. நானும் நம்பிக்கை கொடுத்துவிட்டு ஏமாற்றக் கூடாதே என்று சொல்லவில்லை.

என்னோடு படித்த பானு பொன்னேரியில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. போனில் விஷயத்தைச் சொன்னதும் குதித்தாள். "வா, வா, இப்பவே வா."

"நான் உள்ள வர முடியாதுடி. ஜன்னலுக்கு வெளிய நிக்கிறேன்."

அப்படித்தான் நடந்தது. நானும் சுஜாதா மேடமும் கல்லூரி லேப்பின் ஜன்னலிலிருந்து தள்ளி, ஒரு புங்க மரத்தடியில் நின்றோம். பெண் பிள்ளைகள் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார்கள். ஊசி பிறப்பதற்கு முந்தைய வருடத்தில் சீல் வைத்த மருந்துத் தூள் பாட்டிலைக் கொண்டுபோயிருந்தோம். கல்லூரி லேப் உதவியாளர் அதைச் சாராயத்தால் கழுவி உள்ளே எடுத்துப் போனார். மார்க்கெட்டில் அன்று காலைதான் வாங்கிய கடை விபூதி ஒன்று. ஏழுமலை வீட்டு விபூதி ஒன்று. எது எது என்று உதவியாளருக்கு மட்டும் தெரியும், பானுவுக்குத் தெரியாது. "ஏழுமலை பொட்டலம் கடைசியில, வேற ரூம்ல" என்று மேடம் உதவியாளரிடம் மட்டும் பத்துத் தடவை சொன்னார்.

மருந்தைக் கொதிக்கக் கரைத்து, வடிகட்டி, நான்கு குடுவையில் ஊற்றினார்கள். ஒன்றை மெல்லக் குளிர வைத்தார்கள். ஒன்றை ஐஸில் அப்படியே இறக்கினார்கள். இன்னொன்றில் ஒரு பொட்டலத்து விபூதி ஒரு சிட்டிகை. கடைசியில் பக்கத்து அறையில் மற்றதிலிருந்து ஒரு சிட்டிகை.

"பாத்தத மட்டும் சொல்லும்மா" என்று மேடம் மரத்தடியிலிருந்து குரல் கொடுத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

"மொதல்ல வச்சது கட்டி கட்டியா இருக்கு. கல்லுப்பு மாதிரி."

"ஐஸ்ல வச்சது?"

"அதுவும் கல்லுப்புதான். கொஞ்சம் பொடி."

நான் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேகமாகக் குளிர்ந்தாலும் கட்டிதான். வால்வைத் திறந்திருந்தால்கூட அது ஏழுமலையின் குற்றம் இல்லை.

"மூணாவது? விபூதி போட்டது?"

"அடியில சாம்பல் இருக்கு. அதுக்கு மேல கல்லுப்பு."

பக்கத்து அறைக்குப் போன பானு திரும்பி வர நேரமானது. வந்தவள் குடுவையை ஜன்னல் கம்பிக்கு உள்ளே தூக்கிப் பிடித்தாள். குடுவை நிறையப் பஞ்சு. மேடம் மெல்ல, "வந்துட்டாரு" என்றார்.

மறுநாள் மீட்டிங்கில் முதலாளியும் இருந்தார், பார்த்தசாரதி சாரும் இருந்தார். மேடம் எழுந்து நின்று பேசினார். "இது என் லேப்ல பொறந்தது. தட்டுல வெச்சது நான். ஏழுமலை சாமி கும்பிட்டார், அவ்ளோதான். நடவடிக்கை எடுக்கறதா இருந்தா எம்மேல எடுங்க." பார்த்தசாரதி சார்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏழுமலைய நானே போய்க் கூட்டிகினு வரேன்" என்றார். டீக்கடைக்கு அவரே நடந்து போனதை நாங்கள் மாடியிலிருந்து பார்த்தோம்.

தீபாவளிக்கு ஏழுமலை நிரந்தரமானார். ஆனால் அதே ரியாக்டரில் இல்லை. அந்தக் கட்டடத்தில் வலிப்பு மருந்தை இனி யாராலும் சரியாகச் செய்ய முடியாது. என்னென்னவோ வைத்துக் கழுவினோம், பிரயோஜனம் இல்லை. கடைசியில் தொழிற்பேட்டையின் மறுகோடியில் புதுக் கட்டடம் கட்டினார்கள். புது ஆட்கள், புதுப் பாத்திரங்கள், ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தட்டு. உள்ளே போகிறவர்கள் வாசலிலேயே தலைக்குக் குளித்து உடை மாற்ற வேண்டும். பழைய கட்டடத்து ஆள் யாரும் உள்ளே போகக் கூடாது. அந்தப் பட்டியலில் மேடமும் உண்டு, நானும் உண்டு, ஏழுமலையும் உண்டு. எந்தச் சோதனை அவரைக் காப்பாற்றியதோ அதே சோதனைதான் எங்கள் எல்லோருக்கும் கதவைச் சாத்தியது. நறநறவென்ற அந்தக் கட்டியை அதற்குப் பிறகு நான் கையில் தொட்டதே இல்லை. இன்றும் நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

நிரந்தர வேலைக்கான ஆர்டர் வாங்கிய அன்று ஏழுமலை லேப் வாசலில் நின்று சொன்னது மறக்காது. "சாமிதான் காப்பாத்துச்சின்னு எங்க ஊட்ல சொல்றா மேடம். நீங்க ரெண்டு பேரும்தான்னு நான் சொல்றேன். எனக்கு வந்த பேஜாரும் அந்தப் பொட்டலத்துலதான் இருந்துது, அத்த தீத்து வெச்சதும் அந்தப் பொட்டலத்துலதான் இருந்துது. யோசிச்சா தலைய சுத்துது."

மீதிப் பாதி விபூதியைத்தான் லட்சுமி சாமி மாடத்தில் வைத்திருந்தாள். அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைக்குத்தான் இப்போது புதுக் கட்டடத்தில் வேலை.

கவரப்பேட்டையில் ஏழுமலை வீட்டுக்குப் போய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நேராகப் பானுவிடம் போனேன். அவள் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறாள். அவள் லேப்பில் ஊசி ஏற்கெனவே குடியேறிவிட்டதால் இந்தத் தடவை நான் உள்ளே போகலாம். ஒரு சிட்டிகையை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சாம்பல் துகள்களுக்கு நடுவே நீலமும் மஞ்சளுமாக ஊசிகள் மின்னின. இத்தனை வருடத்துக்குப் பிறகும். படிகத்துக்குச் சாவு கிடையாது.

ஊசி சூடான சாராயத்தில் கரையும். சாம்பல் கரையாது. அவ்வளவுதான் வேலை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சாராயத்தைச் சூடாக்கி, விபூதியை அதில் போட்டுக் கலக்கி, வடிகட்டினேன். திரும்பவும். திரும்பவும். மைக்ராஸ்கோப்பில் தேடித் தேடிப் பார்த்தும் ஊசி ஒன்றுகூட இல்லை என்று ஆனபிறகும் பானு சொன்னாள் என்று இன்னொரு தடவை. வடிந்த சாராயத்தை ஒரு கண்ணாடித் தட்டில் விட்டோம். காய்ந்ததும் ஓரத்தில் பஞ்சு படர்ந்தது. போட்டோ எடுத்து சுஜாதா மேடத்துக்கு அனுப்பினேன். அவர் இப்போது மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். "ஓ, இவரா" என்று பதில் வந்தது.

காய்ந்த விபூதியைப் புதுப் பேப்பரில் மடித்து, பெண் வேலைக்குச் சேர்கிற காலையில் கவரப்பேட்டைக்குப் போனேன். அவள் தலை வாரித் தயாராக நின்றாள். லட்சுமி பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

"வாசன போயிட்ச்சே மேடம்."

"சாராயத்துல கழுவினேன் இல்ல, வாசன அதுல போயிடும்."

"இது அதே விபூதிதானே?"

மேடத்தை நினைத்துக்கொண்டேன். "நான் பாத்தத சொல்றேன் லட்சுமி. ஊசி ஒண்ணுகூட இல்ல, சாம்பல் அப்படியே இருக்கு. மத்தது எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்."

லட்சுமி ஒரு விரலால் தொட்டுத் தன் நெற்றியில் முதலில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். "அதேதான்" என்றாள். பிறகு மகளைக் கிட்டே இழுத்து அழுத்தமாக ஒரு கீற்று இட்டாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஏழுமலை சிரித்தார். "ஏண்டி, அங்க வாசல்லயே தலைக்கி ஊத்திகினாதான் உள்ள வுடுவான். எல்லாம் கழுவிகினு பூடும். இதுக்குப் போய் மேடத்த இவ்ளோ வேல வாங்கிட்டியே."

லட்சுமி மகளின் நெற்றியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த வாசல் வரிக்கும் இருந்தா போதும்யா."